'பதிப்பு தெரியவில்லை' என்ற பிழைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அனுமதிச் சிக்கல்

கேள்வி: அறிக்கைகள் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் 2016-இலிருந்து 2019-க்கு, புதிய கணினியில் மாறினோம். பழைய தரவுத்தளத்தின் பேக்அப்பை அங்கே ஏற்றி இணைத்ததும், "தரவுத்தளப் பதிப்பு செல்லாத வடிவில் உள்ளது அல்லது படிக்க முடியவில்லை, கண்ட பதிப்பு: அன்நோன்" என்று பிழை வருகிறது. சேவைக் கணக்குக்கு (அந்த மென்பொருள் எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்தக் கணக்குக்கு), தரவுத்தள சர்வரில் எதையும் செய்ய விடும் 'சிஸ்அட்மின்' உரிமை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 'கண்ட பதிப்பு' என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே ஓர் எண் இருந்தால், உதாரணமாகக் கண்டது 147, எதிர்பார்த்தது 162 என்றிருந்தால், அது உண்மையான பதிப்புச் சிக்கல். 'அன்நோன்' என்றிருந்தால், பதிப்பைப் படிக்கும் அளவுக்குக்கூடச் சேவையால் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை என்று பொருள். இரண்டு வேறு கோளாறுகளுக்கு ஒரே வாக்கியத்தை வைத்து நிர்வாகிகளை இத்தனை ஆண்டுகளாக அலைக்கழிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2016 பதிப்பில் இந்தச் சேவை இயல்பாக 'என்டி சர்வீஸ்\ரிப்போர்ட்சர்வர்' என்ற கணக்கில் ஓடியது. 2017 பதிப்பு முதல் அந்தப் பெயர் 'என்டி சர்வீஸ்\எஸ்கியூஎல்சர்வர்ரிப்போர்ட்டிங்சர்வீசஸ்' என்று மாறிவிட்டது. நீங்கள் ஏற்றிய தரவுத்தளத்துக்குத் தெரிந்தது பழைய பெயர் மட்டுமே. ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் அமைப்புக் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் 'சேஞ்ச் டேட்டாபேஸ்' வழியாக, ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் இணைத்தால், புதிய கணக்குக்கு உரிய அனுமதியை அதுவே எழுதித் தரும். அதன் பிறகு சேவைக்குத் தேவையான அனுமதிகள் அடங்கிய 'ஆர்எஸ்எக்ஸெக்ரோல்' என்ற பொறுப்பு, எஸ்கியூஎல் சர்வரின் சொந்தத் தரவுத்தளங்களான 'மாஸ்டர்', 'எம்எஸ்டிபி' இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்அப்போடு அது வந்து சேராது, அது இல்லாவிட்டால் நேரம் குறித்து அனுப்பும் அறிக்கைகள் நின்றுபோகும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்தால், மேலே சொன்ன கணக்கு அந்தக் கணினியின் எல்லையைத் தாண்டும்போது அதே பெயரில் போவதில்லை. ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இருக்கும் கணினியின் பெயரோடு கடைசியில் ஒரு டாலர் குறி சேர்ந்த கணக்காகவே அங்கே போய் நிற்கிறது. அந்த டாலர் குறிப் பெயருக்குத் தரவுத்தள சர்வரில் லாகின் (நுழைவுக் கணக்கு) உருவாக்காமல், 'சேவைக் கணக்குக்கு அனுமதி கொடுத்துவிட்டேனே' என்று நாள் முழுக்கத் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பெயர் மறுக்கப்பட்டது என்பது எஸ்கியூஎல் சர்வரின் எரர் லாகில் (பிழைப் பதிவேட்டில்) 18456 என்ற எண்ணுடன் பதிவாகியிருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

சிஸ்அட்மின் கொடுத்தால் பிழை மறையும் என்பது உண்மைதான். ஒப்பந்தக்காரரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்ட சிவிஇ-2020-0618 என்ற ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள்: அதன் வழியே நுழைபவர் சேவைக் கணக்கின் உரிமையோடுதான் உள்ளே நிற்பார். அந்தக் கணக்கு சிஸ்அட்மினாக இருந்தால், அந்தச் சர்வரிலுள்ள எல்லாத் தரவுத்தளங்களும் அவர் கையில் போய்விடும்.

இதைவிட மோசமான குறுக்குவழி கான்ஃபிகரேஷன் மேனேஜரிலுள்ள 'டிலீட் என்கிரிப்டட் கன்டென்ட்' என்ற பொத்தான். நான் சென்ற ஓர் அலுவலகத்தில், என்கிரிப்ஷன் கீ (ரகசிய விவரங்களைப் பூட்டி வைக்கும் சாவி) பொருந்தவில்லை என்ற பிழையைத் தீர்க்க வந்தவர் அதை அழுத்திவிட்டார். சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களும் இணைப்பு விவரங்களும் அழிந்துபோக, ஒவ்வொரு டேட்டா சோர்ஸையும் திறந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். பழைய சர்வரை அணைக்கும் முன் அதன் என்கிரிப்ஷன் கீயைக் கடவுச்சொல்லோடு பேக்அப் எடுத்து, புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அறிக்கைகளைப் பார்க்கும் வெப் போர்ட்டல் திறந்து, 'உங்களுக்குப் போதிய அனுமதி இல்லை' என்று சொன்னால் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். அது வேறொரு அடுக்கு. பிரவுசரை நிர்வாகியாகத் திறந்து, முகப்புக் கோப்புறையில் உங்கள் கணக்கை 'கன்டென்ட் மேனேஜர்' ஆகவும், சைட் செட்டிங்ஸில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகவும் சேர்த்தால் போதும்.