வலி போனால் நோய் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு வயது 27. சென்ற ஆண்டு குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் என்று கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய ஒரே வாரத்தில் வயிற்றுவலியும் பேதியும் நின்றுவிட்டன. முகம் உப்பிப்போனதால் ஐந்தாவது வாரம் நானாகவே நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடியும் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போகிறது. டாக்டர் அசாதயோப்ரின் என்கிறார். அதற்குப் பிறகு ஊசி என்கிறார். பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தியதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அந்த வரியே இல்லை. சொல்லவில்லையென்றால், ஸ்டீராய்டு பலிக்கவில்லை என்றே அவர் கணக்குப் போட்டிருப்பார். திட்டுவார் என்று தயங்க வேண்டாம். நாங்கள் திட்டத்தான் செய்வோம், இரண்டு நிமிடம். அதற்குமேல் வெளியே காத்திருப்பவர்கள் விடமாட்டார்கள்.

ஸ்டீராய்டு மருந்து வெளியிலிருந்து வரும்வரை, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திரும்ப எழுந்து உட்கார அதற்கு அவகாசம் வேண்டும். படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். முக உப்பல் அப்படிக் குறைக்கும்போதே வடிந்துவிடும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளப் பழைய சைக்கிள் டியூப் கிடக்கிறது. அங்கங்கே ஒட்டுப் போட்டது. ஒட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவே நல்ல ரப்பர். புதிதாக வருபவர்களிடம் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். குரோன்ஸும் குடலில் இப்படி இடம் விட்டு இடம் வருவதுதான். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதற்குப் பிடித்த இடம். புண் மேற்பரப்போடு நிற்காமல் குடல்சுவரின் முழுக் கனத்திலும் இறங்கும். ஆறி ஆறித் தழும்பேறினால் அந்த இடம் சுருங்கும். துளைத்துக்கொண்டு போனால் பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ வழி திறக்கும், அதுதான் ஃபிஸ்டுலா. இவை வலியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. மாதக்கணக்கில் வலியே இல்லாமல் இருந்து, ஒரு நாள் வாந்தியும் உப்புசமுமாக வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே “நன்றாக இருக்கிறேன்” என்பதைப் பாதிதான் நம்புவேன். மீதியை மலத்தின் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவும், குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் சொல்லட்டும்.

ஸ்டீராய்டு கொந்தளிப்பை அடக்கும். அடங்கியதை அப்படியே வைத்திருக்க அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் அசாதயோப்ரின். அது பிடிக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், பொறுமை தேவை. உங்கள் உடல் அதைத் தாங்குமா என்று தொடங்குமுன் ரத்தத்தில் பார்க்கலாம்; பிறகும் ரத்த அணுக்களையும் ஈரலையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசியைக் கடைசி ஆயுதம் என்று நினைத்துவிட்டீர்கள். அந்த ஊசிகளில் ஒன்றான இன்ஃபிளிக்ஸிமாப் குரோன்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998இல். நோய் கடுமையாக இருந்தால் இன்று அதை முதலிலேயே தொடங்குவதும் உண்டு. அதற்கு முன் காசநோயும் ஹெபடைடிஸ் பியும் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். அவசரம் என்று இதைத் தாண்டிப்போக யாரையும் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அதற்குச் சக்தியே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் திரவ ஊட்டச்சத்தை மட்டுமே கொடுத்து ஸ்டீராய்டு இல்லாமலே நோயை அடக்குகிறோம். பெரியவர்களில் பெரும்பாலோர் பத்தாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. எல்லோருக்கும் பொருந்தும் பத்தியம் என்று ஒன்று கிடையாது. குடல் சுருங்கியிருந்தால் தோல், விதை, நார் உள்ளவற்றைத் தவிருங்கள். பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் திரும்பச் சேருங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி எலும்பும் தோலுமாக வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு நோயைவிடப் பத்தியத்தின்மேல்தான் கோபம் வருகிறது. பி12, இரும்புச்சத்து அளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். புகைப்பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்.

டாக்டரைப் பார்க்க அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரையை நிறுத்திய தேதி, அதன்பின் குறைந்த எடை, தூக்கத்திலிருந்து எழுந்து எத்தனை முறை போகிறீர்கள் என்பது. காய்ச்சலோ ஓயாத வாந்தியோ வந்து, வயிறு கல்லாகி, காற்றும் பிரியவில்லையென்றால் தாளைத் தேடிக்கொண்டிராமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.