லண்டன் – பாரிஸ்: திரும்பி வர இருபதே நிமிடமா?

வாசகர் கேள்வி: ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். காலை 9.00 மணிக்குப் புறப்பட்டு 11.20க்குப் போய்ச் சேருமாம். திரும்பும்போது மாலை 6.00 மணிக்குக் கிளம்பி 6.20க்கே லண்டன் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா? பாரிஸ் நகருக்குள் மதியம் 1 மணிக்கு ஒரு சந்திப்பு இருக்கிறது. போய்விடலாமா?

பதில்: பிழை இல்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு இரண்டு நாடுகளும் ஒரே நாளில் மாறுவதால் வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான். கழித்துப் பாருங்கள்: போக 1 மணி 20 நிமிடம், வரவும் அதே.

நேர்கோட்டில் தூரம் 348 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் அரை மணிகூட ஆகாதே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் விமானம் மேலே ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. வானில் இருப்பது ஏறத்தாழ 50 நிமிடம். மிச்சமெல்லாம் தரையில் ஊர்வதும் காத்திருப்பதும். டிக்கெட் நேரம் என்பது இங்கே வாயிலைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே வந்து நிற்பது வரை. சார்ல் த கோலில் நான்கு ஓடுபாதைகள். தொலைவில் உள்ளதில் இறங்கினால் பேருந்துப் பயணம்போல நீளும். ஹீத்ரோவிலோ இரண்டே ஓடுபாதைகள், இடைவிடாத நெரிசல். பாரிஸிலிருந்து வரும் விமானங்கள் லண்டனுக்குத் தென்கிழக்கே பிகின் ஹில் என்ற இடத்தின் பக்கம் வட்டமடித்துக் காத்திருப்பது சகஜம். அதையும் சேர்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். சில நாள் சீக்கிரம் வந்துவிடுவது விமானியின் சாமர்த்தியமல்ல, அன்று காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே.

உங்கள் சந்திப்புதான் கவலை. 11.20க்கு நிற்பது விமானம். நீங்கள் வெளியே வருவது வேறு கணக்கு. எல்லைச் சோதனை இல்லாமல் நாடுவிட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லாததால் பாஸ்போர்ட் வரிசை உண்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில், குறுகிய காலம் வந்துபோகும் வெளிநாட்டவர் முதல்முறை கைரேகையும் முகப்படமும் பதிய வேண்டும். பிறகு ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் பாரிஸ் நகருக்குள் உள்ள கார் து நோர் நிலையத்துக்கு அரை மணி. எல்லாம் ஒத்துழைத்தால் 12.45. நான் நம்பிப் போகமாட்டேன்.

லண்டனிலிருந்து பாரிஸுக்குப் போகும் யூரோஸ்டார் ரயில் 2 மணி 20 நிமிடம் போல எடுக்கும். ஆனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் சோதனை லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலேயே முடிந்துவிடும். இறங்கினால் நேராக நகருக்குள் நடக்கலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருந்தால் போதும். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடென்றால் ரயில்தான் மேல். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோ என்றால் விமானத்தையே வைத்துக்கொண்டு காலை 7 மணி வாக்கில் புறப்படுவதற்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத டிக்கெட்டா? சந்திப்பை 2 மணிக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள், கைப்பெட்டியோடு மட்டும் கிளம்புங்கள்.