தவிட்டு மூட்டையும் மாட்டுப் புல்லும் குதிரையின் எலும்பைத் தின்னும்

கேள்வி: ஐயா, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறேன். வயது ஒன்பது, மார்வாரி கலப்பு. சௌகார்பேட்டைக் கல்யாணங்கள்தான் பெரும்பாலும். இரண்டு மாதமாகக் கால் மாற்றிக் கால் நொண்டுகிறது. இன்று முன்னங்கால் என்றால் நான்கு நாள் கழித்துப் பின்னங்கால். லாடம் அடிப்பவர் குளம்பில் கோளாறு இல்லை என்கிறார். மென்று தின்பதும் மெதுவாகிவிட்டது. முகத்தில் கண்ணுக்குக் கீழே இரு பக்கமும் சற்றுப் புடைத்திருக்கிறது, சதை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். செங்குன்றம் மில் தவிடு காலை இரண்டு கிலோ, மாலை இரண்டு கிலோ, அதில் அவித்த கொள்ளு இரண்டு கை. பகலில் கோ-4 புல், இரவில் வைக்கோல். தீவனக் கடைக்காரர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஒரு கால்சியம் டானிக்கும் ஒரு குளம்பு டானிக்கும் கொடுத்தார். இரண்டில் எதைத் தொடரலாம்? கார்த்திகையில் சீசன் தொடங்குவதற்குள் மேனி மினுமினுப்பு வர என்ன கொடுக்கலாம்?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: இரண்டு டானிக்கும் வேண்டாம் தம்பி. குளம்பு டானிக்கில் இருப்பது பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின். குளம்பு மேலிருந்து கீழே வளர்ந்து புதிதாக ஒன்பது மாதமாவது ஆகும், அதுவரை விடாமல் கொடுத்தால்தான் அதன் பலன் தெரியும். உங்கள் குதிரைக்குக் குளம்பில் கோளாறும் இல்லை. கால்சியம் டானிக் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். நூறு மில்லியில் சில கிராம் சுண்ணாம்புச் சத்து, கூடவே பாஸ்பரஸ், கூடவே டி வைட்டமின். இது கறவை மாட்டுக்காகச் செய்தது. உங்கள் குதிரைக்கு இப்போது பாஸ்பரஸ் ஒரு துளியும் கூடுதலாகப் போகக் கூடாது. குதிரைக்கு டி வைட்டமின் அளவு மீறினால் அது நஞ்சு. மூட்டை விற்பவர் சொல்லும் நோய்க்கு மருந்து எப்போதும் அவர் கடை அலமாரியிலேயே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. முகம் ஏன் இரு பக்கமும் புடைக்கிறது? அது சதை இல்லை, எலும்பு. உள்ளே சுண்ணாம்பு கரைந்து, அந்த இடத்தில் நார்த்திசு நிரம்பி முகமும் தாடையும் வீங்குகின்றன. தாடை எலும்பு மெலிந்தால் பல் வலிக்கும், ஆடும். அதனால்தான் மெல்லுவது மெதுவாகியிருக்கிறது. கால் மூட்டுகளிலும் அதுவேதான் நடக்கிறது. வலி ஓரிடத்தில் நிற்காததால் நொண்டலும் கால் மாறுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் தீவனத்தையும் இந்த அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தீவனத்தில் பாஸ்பரஸ் மிகுந்து, சுண்ணாம்பு குறைந்து, எலும்பு கரையும் நோய். மேலை நாடுகளில் மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்கு இது முன்பு அடிக்கடி வந்தது. மில்லில் எது மலிவாகக் கிடைத்ததோ அதைப் போட்டார்கள். நீங்களும் செங்குன்றத்திலிருந்து அதைத்தான் கொண்டுவருகிறீர்கள்.

அரிசித் தவிட்டில் ஒரு கிலோவுக்குப் பாஸ்பரஸ் ஏறக்குறைய 15 கிராம், சுண்ணாம்புச் சத்து ஒரு கிராம்கூட இருக்காது. நான்கு கிலோ தவிடு என்றால் 60 கிராம் பாஸ்பரஸ். உங்கள் குதிரையின் எடையை நீங்கள் எழுதவில்லை. 340 கிலோ என்று வைத்துக்கொண்டால், லேசான வேலை செய்யும் அந்த உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுண்ணாம்புச் சத்து 20 கிராம், பாஸ்பரஸ் 12 கிராம் என்ற அளவில்தான். சுண்ணாம்பு பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்க வேண்டும், ஒருபோதும் குறையக் கூடாது. உங்கள் தொட்டியில் கணக்கு தலைகீழாக நிற்கிறது. பாஸ்பரஸ் மிகும்போது குடலில் சுண்ணாம்பு ஏறாது, இரத்தத்தில் அளவு இறங்கப் பார்க்கும். இதயமும் தசையும் வேலை செய்ய அந்த அளவு இறங்கக் கூடாது என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். எலும்பு கரைந்து கொடுப்பதால்தான் அது சரியாக இருக்கிறது. சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்-ரேயும் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது புல். இதைச் சொன்னால் குதிரை வைத்திருக்கும் பலருக்கும் கோபம் வருகிறது. கோ-4 நல்ல புல்தான், மாட்டுக்கு. அது கம்பு நேப்பியர் ஒட்டுப் புல், அந்த வகை எல்லாவற்றிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு கரையாத உப்பாக்கிவிடும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. அதற்கு நொதிக்கும் இடம் பின்குடலில் இருக்கிறது, சுண்ணாம்பை உறிஞ்சும் இடமோ அதற்கு முன்பே சிறுகுடலில் இருக்கிறது. ஆக, புல்லில் இருக்கிற சுண்ணாம்பும் லத்தியோடு போய்விடுகிறது. கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், கழிவுநீர் ஓடும் இடங்களில் வளரும் நீர்ப்புல் ஆகியவற்றிலும் இதே தொல்லை உண்டு. வைக்கோலிலும் கொஞ்சம் இருக்கிறது. மாதவரத்துக்கும் மணலிக்கும் மாட்டுத் தொழுவங்களுக்காக வருகிற அதே வண்டியில்தான் உங்கள் குதிரைக்கும் கட்டு இறங்குகிறது. வடசென்னையில் தீவனச் சந்தை மாட்டுக்காக இருக்கிறது, குதிரைக்காரர் மிச்சத்தை வாங்குகிறார். தவிடு ஒரு பக்கம், நேப்பியர் மறுபக்கம், எலும்பு பாவம் என்ன செய்யும்!

கொள்ளைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். நூறு கிராம் கொள்ளில் சுண்ணாம்பு 287 மில்லிகிராம், பாஸ்பரஸ் 311 மில்லிகிராம். ஏறக்குறைய சமம். புரதம் 22 சதவீதம். அவித்துக் கொடுப்பதும் சரி, பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. உங்கள் தொட்டியில் உருப்படியான ஒரே பொருள் அதுதான், அதற்கு மட்டும் இரண்டு கை அளந்திருக்கிறீர்கள்.

கை, படி, டப்பா என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு படி தவிடும் ஒரு படி கொள்ளும் ஒரே எடையா? சில நூறு ரூபாய்க்குத் தொங்கு தராசு கிடைக்கிறது. இரண்டு டானிக் பாட்டிலின் விலையில் அதை வாங்கியிருக்கலாம். குதிரையின் எடைக்குத் தராசு தேடி அலைய வேண்டாம், தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் 344 கிலோ வரும். மாதம் ஒருமுறை எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அளக்காதவர் என்னிடம் தீவனக் கேள்வி கேட்டால் பதில் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இனி என்ன போடுவது? நாள் ஒன்றுக்கு உடல் எடையில் இரண்டு சதவீதம் உலர் தீவனம், அதில் பெரும்பங்கு புல். 340 கிலோ குதிரைக்கு நாலரை கிலோ உலர்ந்த புல், ஒன்றரை முதல் இரண்டு கிலோ குதிரைமசால் அல்லது காய்ந்த வேர்க்கடலைக் கொடி. புல் என்றால் அருகம்புல், ரோட்ஸ் புல், ஓட்ஸ் புல். பச்சையாகக் கொடுத்தால் மூன்று, நான்கு கிலோ பச்சைப் புல்லை ஒரு கிலோ உலர்ந்ததாகக் கணக்கு வையுங்கள். கடலைக் கொடியில் சுண்ணாம்பு தாராளம், திருவள்ளூர், திருவண்ணாமலைப் பக்கம் அறுவடை முடிந்ததும் மலிவாகக் கிடைக்கும். மண்ணை உதறி, பூசணம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஒரு நபர் லாரி பிடிக்க முடியாது. குதிரை வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இறக்கினால் கட்டுப்படியாகும். கொள்ளு, அவிப்பதற்கு முன் எடை போட்டு, ஒரு கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து. தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். தவிடு இல்லாவிட்டால் தின்னாது என்று சொல்வார்கள். கொஞ்சம் முறைக்கும், பிறகு தின்னும். பல் வலிக்கும்வரை புல்லை விரலளவு நறுக்கி நனைத்துப் போடுங்கள்.

சுண்ணாம்புக்கு டானிக் தேவையில்லை, நன்றாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சைட் தூள் போதும். 40 கிராமில் 15 கிராம் சுண்ணாம்புச் சத்து. விலை சில ரூபாய்க்குள். கொள்ளில் பிசைந்து கொடுங்கள், கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். டிசிபி என்று விற்பதை வாங்காதீர்கள், அதில் பாஸ்பரஸும் இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு கூடவே கூடாது, வாயும் குடலும் வெந்துபோகும். கோழித் தீவனக் கடையில் வாங்குவதானால் மூடிய பொட்டலமாக வாங்குங்கள், கோழித் தீவனம் அள்ளிய கரண்டியால் அள்ளித் தர விடாதீர்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவனப் பிண்ணாக்கு மூட்டைகளிலும் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். ‘இதுவும் தீவனம் அதுவும் தீவனம்’ என்று சொல்லி எடைக்கு அள்ளிப் போடுகிற கடைக்காரர்கள்மேல் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. அதே கடையில் சூபாபுல் மரத்தழையும் கட்டிக் கொடுப்பார்கள். தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் உதிரும், கல்யாணக் குதிரைக்கு அது வேறு கேடு.

உப்பு தினம் 30 கிராம், வியர்க்கும் நாளில் இரட்டிப்பு. தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கடற்கரை மணலில் கட்டி, தரையிலேயே புல்லைக் கொட்டும் பழக்கம் உங்கள் பக்கம் அதிகம். ஐந்தாறு லத்தி உருண்டைகளை வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் வயிற்றிலும் மணல் சேர்கிறது என்று பொருள். தொட்டியில் போடுங்கள்.

மினுமினுப்புக்கு ஐம்பது மில்லி எண்ணெயில் தொடங்கி நூறு வரை போகலாம். தவிட்டு எண்ணெய்கூட ஆகும், பாஸ்பரஸெல்லாம் தவிட்டிலேயே தங்கிவிடும். லத்திப் பரிசோதனை செய்து குடற்புழு மருந்து, தினமும் தேய்ப்பு. மினுமினுப்புக்கு வேறு மந்திரம் கிடையாது.

வேலை நாளில் மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலோர் கொடுக்கிறார்கள். ஒரே வேளையில் இறங்கும் அவ்வளவு மாச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்று வலியில் தொடங்கிக் குளம்பு அழற்சியில் முடியும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பாராத் ஊர்வலத்துக்கு முன் மணமகனின் சகோதரிகள் ஊறிய கடலைப்பருப்பை ஊட்டுவார்கள். ஒரு கை, இரண்டு கை பரவாயில்லை, தட்டோடு நீட்டினால் நீங்கள் நடுவில் நில்லுங்கள். கட்டணம் தருகிறவர் முகம் சுளித்தாலும் சரி.

இந்த வாரமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காட்டுங்கள். எக்ஸ்-ரேயோடு சுர்ரா நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், ஈ கடிப்பதால் பரவும் அந்த நோயிலும் குதிரை தடுமாறும். முகப் புடைப்பு ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் பல் வேரில் சீழ் இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தீவனம் மாறினால் நொண்டல் ஒன்றரை மாதத்தில் குறைய வாய்ப்பு அதிகம். எலும்பு பழைய உறுதிக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், முகப் புடைப்பு முழுதாக வடியாமலும் போகலாம். நொண்டல் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்து மேளத்துக்கு ஆடவிட்டால், மெலிந்த எலும்பிலிருந்து தசைநாண் பிய்ந்துகொண்டு வரும், எலும்பே முறியவும் கூடும். கார்த்திகை, தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் வேறு குதிரையை ஏற்பாடு செய்து கொடுங்கள். கையில் பிடித்து நடத்துவது மட்டும் தினம் இருக்கட்டும், மருத்துவர் எக்ஸ்-ரேயை மறுபடி பார்த்துச் சரி என்ற பிறகு சேணம் போடலாம்.