ரசமும் எலுமிச்சையும் ரத்தத்தை அமிலமாக்குமா? டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 61 வயசு. 14 வருஷமா சுகர், ரெண்டு வேளை இன்சுலின் போடறாங்க, கூட டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை. கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் 1.6 இருக்கு. எங்க தெருவுல ஒருத்தர் ஆல்கலைன் தண்ணி மெஷின் விக்கிறார், அவர் அம்மா யூரின்ல ஒரு பேப்பரை நனைச்சு கலரை காட்டி, ரத்தம் அசிட் ஆயிடுச்சு, அதனாலதான் சுகர் இறங்கலைன்னு சொன்னார். அன்னையிலருந்து ரசம், எலுமிச்சை, தயிர் எல்லாத்தையும் நிறுத்திட்டு, தினமும் காலையில ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை தண்ணில கலக்கி குடிக்கிறாங்க, மதியம் இளநீர். போன வாரம் காய்ச்சல்ல சரியா சாப்பிடாததால ரெண்டு நாள் இன்சுலினும் போடல. மெஷின் ஒரு லட்சத்துக்கு மேல சொல்றாங்க, வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: மெஷின் வேண்டாம்மா. சோடா தண்ணியை இன்னையோட நிறுத்திடுங்க. ரசமும் எலுமிச்சையும் அம்மாவுக்கு தாராளமா கொடுக்கலாம். ஆனா நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்களே, காய்ச்சல்ல ரெண்டு நாள் இன்சுலின் போடலன்னு, அதுதான் எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு, ஏன்னா அம்மாவோட ரத்தம் நிஜமாவே அமிலமாகறதுக்கு வழி அதுதான். அதை கடைசியில விவரமா சொல்றேன், அதுக்கு முன்னாடி உடம்பு இதை எப்படி பார்த்துக்குதுன்னு புரிஞ்சா மத்தது தானா விளங்கிடும்.

பிஹெச்ங்கறது அமிலமா காரமான்னு காட்டற அளவு, எண் குறைய குறைய அமிலம் கூடும். ரத்தத்தோட பிஹெச் 7.35-லருந்து 7.45-க்குள்ள இருக்கணும், அவ்வளவு சின்ன இடைவெளி. இந்த அளவுகோல்ல 7.4 வெறும் 0.3 இறங்கி 7.1 ஆனாலே அமிலம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம். 6.8-க்கு கீழ போனா உயிரை காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். இதயம், நரம்பு, நம்ம உடம்புல வேலை செய்யற என்சைம் எல்லாமே இந்த எல்லைக்குள்ளதான் ஒழுங்கா இயங்கும், அதனால உடம்பு இதை நாம சாப்பிடற சாப்பாட்டை நம்பி விடல, ஒண்ணுக்கு மூணு காவல் போட்டு வச்சிருக்கு.

முதல் காவல் ரத்தத்துலயே இருக்கு, பைகார்பனேட்னு பேரு, அமிலத்தை அடக்கற காரப்பொருள், லிட்டருக்கு 22-லருந்து 26 மில்லிமோல் (வேதிப்பொருளை அளக்கற அலகு) இருக்கும். இது கையில இருக்கற ரொக்கம் மாதிரி, எங்கிருந்தாவது அமிலம் வந்து நின்னா அடுத்த நொடியே இதுல இருந்து எடுத்து கொடுத்து கணக்கை முடிச்சிடும். ஹீமோகுளோபின் மாதிரி புரதங்களும் இதுக்கு துணை.

ரெண்டாவது நுரையீரல். பெரும்பாலானவங்களுக்கு தெரியாத விஷயம், நம்ம உடம்பு உண்டாக்கற அமிலத்துல ரொம்ப பெரிய பங்கு சாப்பாட்டு புளிப்புல இருந்து வரல, நாம விடற மூச்சுல போற கார்பன் டை ஆக்சைடு தான் அது, தண்ணியோட சேர்ந்தா அது கார்பானிக் அமிலம் ஆயிடும், ஒரு நாளைக்கு சுமார் 15,000 மில்லிமோல் இப்படி உருவாகுது. சாப்பாட்டுல இருக்கற புரதம் செரிச்சு வர்ற அமிலம் 60 கிலோ எடை உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிமோல் அளவுதான். அந்த 15,000-ஐயும் நாம கவனிக்காமலே மூச்சு விட்டு விட்டு வெளியேத்திடறோம். மூளையோட அடிப்பகுதி இதை ஓயாம அளந்துகிட்டே இருக்கும், கொஞ்சம் ஏறினாலும் மூச்சை வேகப்படுத்தும். மூச்சை அடக்கி பாருங்க, ஒரு கட்டத்துக்கு மேல முடியாம போகுதே, அது முக்கியமா கார்பன் டை ஆக்சைடு ஏறினதாலதான், ஆக்சிஜன் தீர்ந்துட்டதால இல்ல. அதே மாதிரி பதட்டத்துல வேக வேகமா மூச்சு விடறவங்களுக்கு விரல் மரத்து கை இழுத்துக்கும், அது ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ஞ்சதோட அறிகுறி. ஆல்கலைனா இருந்தா நல்லதுதானேன்னு நினைக்கறவங்க இதை யோசிக்கணும், அந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் தொந்தரவுதான்.

இதை டாக்டர்களே புரிஞ்சுக்காம தடுமாறின காலம் உண்டு. 1952-ல கோபன்ஹேகன்ல பெரிய போலியோ பரவல், மூச்சுத் தசை செயலிழந்து நோயாளிங்க வரிசையா இறந்துகிட்டு இருந்தாங்க. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து பார்த்தா பைகார்பனேட் கணக்கு எகிறி இருந்தது, அதனால ரத்தம் காரமாயிடுச்சுன்னு நினைச்சாங்க. பியோர்ன் இப்சென்னு ஒரு மயக்க மருந்து டாக்டர்தான், இல்ல, இவங்க மூச்சை வெளிய விட முடியாம கார்பன் டை ஆக்சைடு தேங்கி கிடக்கு, ரத்தம் அமிலமா இருக்குன்னு சொல்லி, தொண்டையில குழாய் போட்டு கையால பை அமுக்கி மூச்சு கொடுக்க வச்சார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு ராத்திரி பகலா அமுக்கினாங்க, சாவு எண்ணிக்கை வெகுவா குறைஞ்சது, இன்னைக்கு இருக்கற ஐசியூ அங்கிருந்துதான் வந்தது. ரத்தத்துல ஒரே ஒரு எண்ணை வச்சு முடிவு பண்ணினப்பவே அந்த நிலைமை, யூரின்ல நனைச்ச ஒரு பேப்பரை வச்சு உங்க அம்மா ரத்தத்தை பத்தி என்ன சொல்ல முடியும் சொல்லுங்க?

அந்த பேப்பர் விஷயம் மூணாவது காவலோட சம்பந்தப்பட்டது, அதாவது கிட்னி. மூச்சுல போக முடியாத அமிலத்தை கிட்னிதான் யூரின்ல தள்ளும், வடிகட்டி வர்ற பைகார்பனேட்டை, ஒரு நாளைக்கு 4,000 மில்லிமோலுக்கு மேல, கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும், செலவானதுக்கு பதிலா புதுசாவும் உண்டாக்கும். நுரையீரல் நிமிஷக் கணக்குல வேலை செய்யும், கிட்னி பிக்கப் ஆக ரெண்டு மூணு நாள் எடுக்கும். இதுக்காகவே யூரினோட பிஹெச் 4.5-லருந்து 8 வரைக்கும் மாறிகிட்டே இருக்கும். யூரின் அமிலமா இருந்தா பெரும்பாலும் கிட்னி தன் வேலையை செய்யுதுன்னு அர்த்தம், அதை காட்டி பயமுறுத்தி ஒரு லட்சம் ரூபாய் கேக்கறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

எலுமிச்சையில இருக்கற சிட்ரேட்டை கல்லீரல் பைகார்பனேட்டா மாத்திடும், அதனால புளிப்பா இருந்தாலும் அது ரத்தத்தை அமிலமாக்காது. வயித்துப்போக்குல பைகார்பனேட் வெளிய போயிடறதால ஓஆர்எஸ் பாக்கெட்ல லிட்டருக்கு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் சேர்த்திருக்காங்க, அது இதே வேதியியல்தான். ஆல்கலைன் தண்ணி? அது முதல்ல விழறது பிஹெச் 2 பக்கம் இருக்கற வயித்து அமிலத்துல, அங்கயே அதோட கதை முடிஞ்சிடும்.

ஆனா ஒரு ஸ்பூன் சமையல் சோடா அப்படி இல்ல, அதுல 1,200 மில்லிகிராமுக்கு மேல சோடியம் இருக்கு, ஒரு நாள் முழுக்க 2,000-க்கு கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிட்னி கொஞ்சம் பழுதான 61 வயசுக்காரங்களுக்கு பிபி ஏறும், கால் வீங்கும். இளநீர்ல பொட்டாசியம் அதிகம், கிரியாட்டினின் 1.6-ல தினமும் வேண்டாம், பொட்டாசியம் டெஸ்ட் பார்த்துட்டு உங்க டாக்டர் சொல்லட்டும். ஒண்ணு ஒத்துக்கறேன், கிட்னி பாதிச்ச சிலருக்கு பைகார்பனேட் நிஜமாவே குறையும், அப்ப நாங்களே சோடா மாத்திரை எழுதுவோம் (சமையல் சோடாவும் சோடியம் பைகார்பனேட்தான்), ஆனா சீரம் எலக்ட்ரோலைட்ஸ்ங்கற, ரத்தத்துல உப்புகளை அளக்கற டெஸ்ட்ல பைகார்பனேட் எவ்வளவுன்னு பார்த்து, அளவு போட்டுதான். அந்த டெஸ்ட்டை இந்த வாரமே எடுத்துடுங்க, கூட கிரியாட்டினினும்.

இப்ப இன்சுலின் விஷயம். இன்சுலின் இல்லாட்டி உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன்ங்கற அமிலத்தை கொட்டும், காய்ச்சல் இருந்தா இன்னும் அதிகம். பைகார்பனேட் தீரும், கிட்னியால ஈடு கொடுக்க முடியாது, கடைசியா நுரையீரல் தன்னால முடிஞ்ச வரைக்கும் ஆழமா வேகமா மூச்சு வாங்கி அமிலத்தை வெளிய தள்ள பார்க்கும். 1874-ல குஸ்மால்ங்கற ஜெர்மன் டாக்டர் எழுதி வச்ச மூச்சு இது, ஆஸ்துமா மாதிரி விசில் சத்தம் இருக்காது. கூடவே வாந்தி, வயித்து வலி, அடங்காத தாகம், வாயில அழுகின பழ வாசனை, பேச்சு குழறல், அரை மயக்கம், இதுல எது வந்தாலும் நேரா எமர்ஜென்சி, 108-ஐ கூப்பிடுங்க. முக்கியமா டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடறவங்களுக்கு சுகர் 180, 200-னு சாதாரணமா இருக்கும்போதே இது வரலாம், குளுக்கோமீட்டரை பார்த்து ஏமாந்துடாதீங்க, கீட்டோன் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, இந்த மாத்திரை பேரையும் முதல்லயே சொல்லிடுங்க. அங்க கூட நாங்க முதல்ல சோடாவை ஏத்தறதில்ல, சலைன், இன்சுலின், பொட்டாசியம், இதுதான் வைத்தியம், பிஹெச் 7-க்கும் கீழ போனாதான் பைகார்பனேட் பத்தி யோசிப்போம்.

அதனால அடுத்த தடவை காய்ச்சல் வந்து சாப்பிட முடியலன்னா டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தி வைங்க, இன்சுலினை மட்டும் முழுசா நிறுத்தாதீங்க, எவ்வளவு போடணும்னு அன்னைக்கே உங்க டாக்டருக்கு போன் பண்ணி கேளுங்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பாருங்க, கஞ்சியோ ரசமோ கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துகிட்டே இருங்க. மாத்திரையை எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னும் அவரையே கேட்டு, அந்த நம்பரை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க.