காலியெனஸின் மான்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ரோமானியக் காசுகளைப் பற்றி எழுதியதைப் படித்த ஆசையில், ஏலத்தில் காலியெனஸ் மன்னரின் காசு ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் மான் மாதிரி ஏதோ நிற்கிறது. விற்றவர் ‘டயானா’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் காசில் பெண் உருவமே இல்லை. தெய்வத்துக்குப் பதில் மிருகத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றால், நம்மூர் வாகனம் மாதிரிதானே இது? காசு கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் துலக்கலாமா? கரூர் பக்கம் கிடைக்கும் ரோமானியக் காசுகளிலும் மிருகங்கள் உண்டா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் புளியைச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள். உங்கள் காசில் வெள்ளி நூற்றுக்குச் சில பங்குதான், மற்றதெல்லாம் செம்பு. மேலே இருந்த வெள்ளிப் பூச்சு எங்காவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் புளி அதையும் தின்றுவிடும். நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன், எலுமிச்சம்பழம் தேய்த்து. இப்போது அது பளபளவென்று ஒன்றுமில்லாமல் இருக்கிறது.

சரி, வாகனத்துக்கு வருவோம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காலியெனஸ் வெளியிட்ட இந்த மிருகக் காசு வரிசையில் நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. தெய்வங்களின் தலைவர் ஜூபிடருக்கு ஆடு போட்டிருக்கிறார்கள். ஜூபிடர் ஆட்டின் மேல் ஏறிப் போகிறவர் இல்லை; கிரீட் தீவில் குழந்தையாக ஒளித்து வைக்கப்பட்டிருந்தபோது அவருக்குப் பால் கொடுத்த அமல்தியா அது. செவிலித்தாய் என்று சொல்லலாம். கடல் தெய்வம் நெப்டியூனுக்கு முன்பாதி குதிரை, பின்பாதி மீன். அது அவர் தேரை இழுப்பது. இது வேண்டுமானால் வாகனத்துக்குப் பக்கத்தில் வரும். அப்போலோவுக்குக் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின். மதுவின் கடவுளான லிபருக்குச் சிறுத்தை. டயானாவோ வேட்டைக்காரி. அவளுக்கு மான் தோழியும்தான், இரையும்தான். ஒவ்வொரு மிருகத்துக்கும் தெய்வத்தோடு ஒவ்வொரு உறவு.

மிருகத்தைச் சுற்றியுள்ள எழுத்தைக் கூட்டிப் படியுங்கள்: ‘டயானே கோன்ஸ் அவுக்’. மன்னரைக் காக்கும் டயானாவுக்கு என்று பொருள். வேண்டுதல்தான். வேண்டிக்கொள்ள வேண்டிய நிலையில்தான் காலியெனஸும் இருந்தார். 260இல் தந்தை வலேரியன் பாரசீக மன்னன் ஷாபூரிடம் சிறைப்பட்டார், திரும்பி வரவே இல்லை. அதே ஆண்டு மேற்கே ‘கால்’ (Gaul) எனும் இன்றைய பிரான்ஸ் பகுதி, கலகம் செய்த தளபதி போஸ்டுமஸ் கைக்குப் போனது. கிழக்கே சிரியாவின் பால்மைரா நகரம் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. கொள்ளைநோய் வேறு. 267, 268 வாக்கில் ரோம் நகர நாணயச்சாலை கிட்டத்தட்ட எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இந்தக் காசுகளை அடித்துத் தள்ளியது. அவசர வேலை என்பது பார்த்தாலே தெரியும்: வட்டம் கோணல், எழுத்து பாதி வெளியே, மானுக்குக் கால் மூன்றரை. எந்தத் தெய்வமும் காக்கவில்லை. 268இல் மிலான் நகரை முற்றுகையிட்டிருந்தபோது சொந்தத் தளபதிகளே சதி செய்து அவரைக் கொன்றார்கள்.

இதற்கு இருபது ஆண்டு முன்னால் அடித்த இன்னொரு மான் காசு இருக்கிறது. முடிந்தால் அதையும் தேடி வாங்குங்கள். 248இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக மன்னர் பிலிப் வெளியிட்டது. சிங்கம், மான், இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய், அரசி ஒடாசிலியாவின் காசில் நீர்யானை என்று ஒரு வரிசை. விழாவில் காட்டிய மிருகங்களில் 32 யானைகள் உண்டு என்கிறது ஒரு பழைய நூல். அந்த நூல் கதை விடுவதில் பெயர்பெற்றது, எனவே எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பிலிப்பின் மான் ஊர் பார்க்க அரங்குக்கு வந்த மான். காலியெனஸின் மானைச் சாமியிடம் மனுக் கொடுக்க அனுப்பியிருக்கிறார்கள். உருவத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மான். மிருகக் காசுகளில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த வித்தியாசம்தான். ஜூலியஸ் சீசரின் யானைக் காசு அழகுதான், ஆனால் அதில் போலிகள் மலிந்து கிடக்கின்றன; புதிதாகத் தொடங்குகிறவர் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

கரூர் விஷயம். கொங்குப் பகுதிப் புதையல்களில் அதிகம் கிடைத்தவை ரோமின் முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள். ஒன்றில் அகஸ்டஸின் பேரன்கள் இருவர் கேடயத்தோடு நிற்பார்கள், மற்றதில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மிருகத்துக்கு அங்கே வேலை இல்லை. காலியெனஸ் காலமோ அதற்கு இருநூற்றைம்பது ஆண்டு தள்ளி. அப்புறம், மண்ணில் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும்.

உங்கள் காசில் இருப்பது எந்த மான் என்று நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. கொம்பு கிளை கிளையாகப் பிரிந்தால் கலைமான், பிரியாமல் நீண்டால் இரலை, கொம்பே இல்லையென்றால் பெண்மான். உங்களுடையதில் கழுத்துக்கு மேல் தேய்ந்துவிட்டது. மானின் காலடியில் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும், எந்தப் பட்டறையில் அடித்தது என்பதற்கான குறி. அதை வைத்துப் பிடித்துவிடலாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, காலடியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.