வேர் அடிபட்ட ரோஜாவை நடலாமா? கேள்வி பதில்

மண் இல்லாமல், வெறும் வேரோடு கட்டி வரும் ரோஜாச் செடிகளைப் பற்றி நிறையக் கேள்விகள். பொட்டலத்தைப் பிரித்ததும் வேரைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

மூன்று பெரிய வேரில் ஒன்று பாதியில் முறிந்து தோலில் தொங்குகிறது. கட்டுப் போட்டால் ஒட்டுமா அக்கா?

ஒட்டாது. முறிவுக்குச் சற்று மேலே, தண்டுப் பக்கமாக, நல்ல இடத்தில் வெட்டிவிடுங்கள். மழுங்கிய கத்தரி வேண்டாம். அது வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். வெட்டியதும் வெட்டு முகத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஈரப்பசையோடு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் ஒரு விரற்கடை மேலே போங்கள். காயம் ஆறும்போது வெட்டின ஓரம் லேசாகத் தடிக்கும். அதை ஒட்டிப் புது வேர்கள் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும். மீதி இரண்டு வேரும் நன்றாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

எல்லா வேரையும் ஒரே நீளமாக வெட்டி நடச் சொல்கிறார்களே?

எதற்கு? முதல் துளிர் வருவதே வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த சத்தில்தான். நல்ல வேர் குழிக்குள் அடங்கவில்லை என்றால் குழியைப் பெரிதாக்குங்கள். சுருட்டித் திணிக்கவும் வேண்டாம்.

என் செடியில் வேர் உடையவே இல்லை. ஆனால் சுள்ளி மாதிரி காய்ந்திருக்கிறது. தேறுமா?

உடைந்த வேரைவிட எனக்கு இதுதான் பயம். உடைந்ததை வெட்டினால் தீர்ந்தது. காய்ந்தால் முழுச் செடிக்கும் ஆபத்து. முதலில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வாளித் தண்ணீரில் வேரோடு தண்டையும் சேர்த்து முக்கி வையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், வேருக்கும் மூச்சு வேண்டும். ஒரு முறை நான் வாளியில் போட்டதை மறந்து மூன்று நாள் கழித்துப் போனேன். வேர்த் தோல் கையோடு வழுக்கி வந்துவிட்டது, நாற்றம் வேறு.

ஊறிய பிறகும் தண்டு சுருங்கியே இருந்தால், ஈர மணலில் செடி முழுவதையும் படுக்க வைத்து மூடி, நிழலில் ஒரு வாரம் விடுங்கள். தோல் உப்பி, தண்டில் துளிர் கிளம்பும் கண்கள் சிவந்து தடித்தால் நடலாம். சுரண்டின இடமெல்லாம் பழுப்பாகவே இருந்தால் விட்டுவிடுங்கள்.

வேரில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது அண்ணி. எறிந்துவிடவா?

கழுவிப் பாருங்கள். அடியில் வேர் கெட்டியாக இருந்தால் ஒன்றுமில்லை. கொழகொழவென்று இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் சொரசொரப்பான கட்டி இருக்கிறது. சீவி எடுத்தால் போதுமா?

ஒட்டு ஆறிய இடம் வழவழப்பாகப் புடைத்திருப்பது இயல்பு. வேரிலோ, வேரும் தண்டும் சேரும் கழுத்திலோ காலிஃபிளவர் மாதிரி சொரசொரவென்று இருந்தால், அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் உண்டாக்கும் கழலையாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, சீவினாலும் திரும்ப வரும். அந்தச் செடியை மண்ணில் நடவே வேண்டாம். கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

பாதி வேர் போய்விட்டது. மேலே எவ்வளவு கவாத்து செய்வது? குழியில் உரம் போடலாமா?

உடைந்தது, காய்ந்தது, பென்சிலைவிட மெலிந்தது எல்லாம் போகட்டும். தடித்த தண்டு மூன்று நான்கை, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கண் இருக்கும்படி வையுங்கள். குறைந்த வேர் அதிக இலையைத் தாங்காது. ரசாயன உரம் குழியில் வேண்டவே வேண்டாம், வெட்டுக்காயத்தில் உப்பு தடவுகிற கதைதான். முதல் பூ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

குழி நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, வேரை அதன்மேல் நாலாபுறமும் பரப்பி மூடித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்டின் அடிப்பாதிக்கும் மண் அணைத்து வையுங்கள், துளிர் வரும்வரை காயாமல் இருக்கும்.

நட்டுப் பத்து நாளாகிறது, துளிரே இல்லை. பிடுங்கிப் பார்க்கலாமா?

கையை வைக்காதீர்கள்! மூன்று நான்கு வாரம்கூட ஆகும். இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் விட்டிருக்கும் சல்லி வேர் அறுந்துபோகும். சந்தேகமாக இருந்தால் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், போதும்.