சாவி ஏன் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா மனை வாங்கிக் கட்டிய வீடு. அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. உயில் இல்லை, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். தங்கை ஒன்றும் சொல்ல மாட்டாள். லாரன்ஸ் சாலையில் உள்ள என் கடையைப் பெரிதாக்க வீட்டை வைத்து பேங்கில் கடன் கேட்டிருக்கிறேன். வீட்டை மதிப்புப் போட வந்த இன்ஜினியர் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார். முதல் முறை பேப்பர் போதவில்லை என்றார். அடுத்த முறை, தானே புயலில் ஓடு பறந்த பிறகு அப்பா காங்கிரீட் போட்டுக் கட்டிய பின்கட்டு அறை பூட்டியிருந்தது. அம்மா ஒரு மாதமாகப் பண்ருட்டியில் தங்கை வீட்டில் இருக்கிறார். சாவி அவர் இடுப்பில். பத்துக்குப் பத்து அறைதானே, அதை விட்டுவிட்டு எழுதச் சொல்லலாமா? கையில் ஏதாவது கொடுத்தால் சீக்கிரம் முடியுமா? பக்கத்துக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், இந்த மாதக் கடைசி வரைதான் கெடு.

பதில்: இன்ஜினியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது சின்ன விஷயம்.

கையில் எதுவும் கொடுக்காதீர்கள். அவருக்குரிய கட்டணம் பேங்க் வழியாகப் போகிறது. அதற்கு மேல் நீட்டினால், இந்த வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று நீங்களே சொன்னதாகிவிடும். வீட்டை அளக்க ஒரு மணி நேரம் போதும். நாள் இழுப்பதெல்லாம் பேப்பர்தான். பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், அனுமதி வாங்கிய பிளான், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றிலும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து, அவர் வருவதற்கு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லையையும் நேரில் காட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும். போர் போட்டது, கூரை மாற்றியது எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் டேப்பைப் பிடிக்கும்போது பின்னாலேயே நின்று இவ்வளவு போடுங்கள், அவ்வளவு போடுங்கள் என்று சொல்லாதீர்கள்.

அறையை விட்டுவிட்டு எழுத முடியாது. பழைய பிளானில் அந்த அறை இருக்க வழியில்லை, புயலுக்குப் பிறகு வந்தது. பிளானில் இல்லாத கட்டடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவதும் அவர் வேலை. கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக அவர் கையெழுத்துப் போட்டால், நாளை பேங்க் அதிகாரி வந்து நிற்கும்போது ரிப்போர்ட்டோடு உங்கள் கடனும் போய்விடும்.

சரி. இப்போது அந்தச் சாவிக்கு வருகிறேன்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வந்திருக்கிறது. ஊர் மாறும், பேங்க் மாறும். ஆனால் வீட்டை அளக்க ஆள் வருகிற அன்று யாரோ ஒருவர் மட்டும் ஊரில் இருக்க மாட்டார். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், சாவி அவர் இடுப்பில் என்று. மகள் வீட்டுக்குப் போகிற அம்மா எதற்குத் தன் அறையைப் பூட்ட வேண்டும்? சாயங்காலம் விளக்கு ஏற்று, துளசிக்குத் தண்ணீர் ஊற்று என்று சொல்லிவிட்டுப் போவார். பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி ஒரு மாதம் திரும்பாமல் இருக்கிறார் என்றால் அவர் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார், தம்பி. கடன் வாங்கப் போகிறேன் என்று அவரிடம் நேராக உட்கார்ந்து சொன்னீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேங்க் என்ன சொன்னது, இன்ஜினியர் என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலைக் காற்றைக் கடலூரில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். தலைக்கு மேல் ஓடு பறந்த வீட்டில் உங்கள் அப்பா கட்டிய ஒரே கெட்டியான அறை அது. இனி ஒரு புயலுக்கு இவள் பயப்படக் கூடாது என்று மனைவிக்காகவும்தானே கட்டியிருப்பார்? அதைப் பத்துக்குப் பத்து என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அடுத்தது, வீடு உங்களுடையது என்ற நினைப்பு. உயில் எழுதாமல் இந்து ஒருவர் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்காகப் போகும். வாரிசு நீங்கள் மூன்று பேர்தான் என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, தங்கைக்கும் அதே. தங்கை ஒன்றும் சொல்ல மாட்டாள் என்கிறீர்கள். அவள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று நீங்களே எடுத்துக்கொண்டால் எப்படி? பேங்க் வக்கீல் வாரிசுச் சான்று கேட்பார், மூவரின் கையெழுத்தையும் கேட்பார். இன்ஜினியர் நாளைக்கே ரிப்போர்ட் கொடுத்தாலும் பைல் அந்த இடத்தில் நிற்கத்தான் போகிறது.

கையெழுத்துக் கேட்கிறவர் அதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். அப்புறம் 2002 சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்குள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் வீட்டை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். கடை ஓடாமல் போனால் தெருவுக்கு வருவது உங்கள் அம்மாவும்தான். அவருக்குத் தெரியாமல் அவர் தலைக்கு மேலுள்ள கூரையை அடகு வைக்க எந்த மகனுக்கும் உரிமை இல்லை. அட்வான்ஸ் போனால் போகட்டும், அது நீங்கள் அம்மாவைக் கேட்காமல் கொடுத்த பணம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் போங்கள். தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்து, எவ்வளவு கடன், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், கடையில் என்ன வருமானம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாவியைக் கேட்காதீர்கள். அம்மா வேண்டாம் என்றால் பேங்கில் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சரி என்றால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், அறையை அவரே திறக்கட்டும். இன்ஜினியர் எந்தத் தேதியில் வரலாம் என்பதையும் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு பேங்குக்குப் போன் செய்யுங்கள்.